பெருக்கியும் வடிப்பியும்

நுண்ணிய மின்னதிர்வு ஒன்றை ஏற்று, அதன் வடிவைக் காத்து, அதன் திறனை மட்டும் பன்மடங்கு உயர்த்தித் தரும் மின்சுற்று பெருக்கி எனப்படும். பல அதிர்வெண்கள் கலந்து வரும் மின்னோட்டத்துள் வேண்டியவற்றுக்கு வழிவிட்டு, வேண்டாதவற்றை வந்த வழியே திருப்பி அனுப்பும் மின்சுற்று வடிப்பி எனப்படும். வீட்டின் ஒரு மூலையில் பலகையிட்டு, பற்றவைப்புக் கோலும் ஈயக் கம்பியும் கொண்டு தமக்குத் தாமே வானொலி அலைபரப்பி அமைத்துக்கொள்ளும் ஆர்வலர் எவரும் கடந்தாக வேண்டிய இரு பெரும் படிகள் இவை. முதலாவதன்மேல் எல்லாருக்கும் விருப்பம் மிகுதி, ஆர்வலர் இருவர் கூடினால், “எத்தனை வாட்டு வருகிறது?” என்பதே முதற்கேள்வியாக எழும். இரண்டாவதையோ பலர், எல்லாம் முடிந்த பின் ஒட்டவைக்கும் இணைப்பாகவே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது என்பதும், வடிப்பியை முன்னிறுத்தியே பெருக்கியை வகுக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அதனை அளவுகளோடும் கணக்குகளோடும் தமிழிலேயே நிறுவலாம். அதற்கு வேண்டிய வலிமை நம் மொழிக்கு உண்டு.

இக்கலை நம் மண்ணில் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. சி. வி. கிருட்டிணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 மே 16 அன்று தோன்றியது. அவ்வாண்டு சூலை 31 அன்று அதன் 40 வாட்டு அலைபரப்பி இசையையும் உரைகளையும் வானில் விடுத்தது. பின்னர் 200 வாட்டு அலைபரப்பி ஒன்று அதன் இடத்தைப் பெற்றது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் கழகம் மூடப்பட்டபோது அலைபரப்பி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றது; 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது; 1938 சூன் 16 அன்று அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டது. அரசு தொடங்கும் முன்னரே ஆர்வலர் தொடங்கினர் என்னும் இவ்வரலாற்றை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை.

மக்கள் வழக்கில் ‘ஹாம்’ எனப்படும் ஆர்வலர் வானொலிக்கு இன்று நடுவணரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு நடத்தி உரிமம் வழங்குகிறது. 12 அகவை நிறைந்தவர் தேர்வெழுதலாம். வரையறுத்த நிலை உரிமம் பெற்றோர் 50 வாட்டு வரையிலும், பொது நிலை உரிமம் பெற்றோர் 400 வாட்டு வரையிலும் அலைபரப்பலாம். சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கிவைத்த அலைபரப்பியின் திறனைவிட, பள்ளிச் சிறுமி ஒருத்தி தன் படிப்பு மேசைமேல் வைத்துக்கொள்ள இன்று உரிமம் பெறும் திறன் பெரிது. அத்துணைத் திறனைத் தனியொருவர் கையில் ஒப்படைக்கும்போது உலகம் அவரிடம் ஓர் உறுதியைக் கேட்கிறது. 30 மெகா எர்ட்சுக்குக் கீழ் இயங்கும் ஆர்வலர் அலைபரப்பியிலிருந்து எழும் வேண்டா அலை ஒவ்வொன்றும், உரிய அலையைவிட 43 டெசிபெல்லாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி அவ்வுறுதியை வரையறுக்கிறது. டெசிபெல் என்பது மடங்குகளைக் கூட்டலாக எழுதும் முறை: 10 என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு, 30 என்றால் ஆயிரம் மடங்கு, 43 என்பது ஏறக்குறைய 20,000 மடங்கு. ஆகவே அவ்விதிப்படி 50 வாட்டு பரப்பும் ஒருவர், வேண்டா அலை ஒன்றுக்கு 2.5 மில்லி வாட்டுக்கு மேல் இடங்கொடுத்தல் ஆகாது.

வேண்டா அலை எங்கிருந்து பிறக்கிறது? அது பெருக்கியின் வயிற்றிலேயே பிறக்கிறது. அதனை உணரப் பெருக்கிகளின் வகைப்பாட்டை அறிய வேண்டும். மக்கள் டிரான்சிஸ்டர் என வழங்கும் திரிதடையத்தின் வழியே ஓர் அலைச்சுற்றின் எப்பகுதியில் மின்னோட்டம் பாய்கிறது என்பதே இவ்வகைப்பாட்டின் அடிப்படை. சுற்று முழுவதும் ஓட்டம் நிற்காது பாய்ந்தால் அது முழுவோட்டப் பெருக்கி. சுற்றின் பாதியில் பாய்ந்து மறுபாதியில் ஓய்ந்தால் அரையோட்டப் பெருக்கி. பாதிக்கும் குறைந்த பகுதியில் துடிப்பாகப் பாய்ந்தால் குறையோட்டப் பெருக்கி. திரிதடையம் கதவுபோல் முற்றத் திறந்தோ முற்ற மூடியோ மட்டும் நின்றால் இணைப்பறுப்புப் பெருக்கி. உலக நூல்கள் ஏ, பி, சி, ஈ என்னும் எழுத்துகளால் குறிப்பவை இவையே. இவற்றுள் ஈ வகையை நாதன் சோகல், ஆலன் சோகல் என்னும் தந்தையும் மகனும் 1975-இல் விளக்கி வெளியிட்டனர்.

இவ்வரிசையில் கீழிறங்குந்தோறும் பயனுறுதிறன் ஏறுகிறது. முழுவோட்டப் பெருக்கி தான் உண்ணும் மின்திறனில் மிகுந்தால் 50 விழுக்காட்டை அலையாக்கும். அரையோட்டப் பெருக்கியின் மேல்வரம்பு 78.5 விழுக்காடு, குறையோட்டம் அதனையும் தாண்டும். 50 வாட்டு அலை வேண்டுமாயின் முழுவோட்டப் பெருக்கி மேலும் 50 வாட்டை வெறும் சூடாகக் கக்கும். அரையோட்டப் பெருக்கியோ 14 வாட்டளவில் அமையும். கத்திரி வெயிலில் அறையே கொதிக்கும் திருவள்ளூர்ப் பகுதியில் இவ்வேற்றுமை தாளில் மட்டும் நிற்பதில்லை. வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகட்டின் பருமனையும், திரிதடையத்தின் ஆயுளையும் அதுவே முடிவுசெய்கிறது. மோர்சு ஒலிக்குறிகளை விடுக்க அலை இருத்தலும் இல்லாமையும் போதும். அதற்குக் குறையோட்டமும் இணைப்பறுப்பும் பொருந்தும். மாந்தக் குரலை ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் விடுக்கவோ, குரலின் ஏற்றத்தாழ்வுகள் சிதையாதிருக்க முழுமைக்கும் பாதிக்கும் இடைப்பட்ட ஓட்டத்தைக் கொள்ள வேண்டும்.

பயனுறுதிறன் ஏற ஏற மின்னோட்டத்தின் வடிவம் மென்மையான அலையிலிருந்து விலகுகிறது. அவ்விலகல்தான் வேண்டா அலைகளின் தாய். பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வெப்பப் பரவல் பற்றி 1822-இல் வெளியிட்ட நூல் இதற்கான பொதுநெறியை உலகுக்குத் தந்தது: ஒழுங்காக மீண்டும் மீண்டும் நிகழும் எவ்வடிவமும், அடியதிர்வு ஒன்றும் அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என முழு எண்களால் பெருகும் அதிர்வுகளும் கூடியதே. இவற்றை மடங்கதிர்வுகள் என்போம். அரைச்சுற்று மட்டும் பாயும் ஓட்டத்தை இந்நெறிப்படி பகுத்தால், அடியதிர்வின் வீச்சைப்போல் 42 விழுக்காடு வீச்சுடைய இருமடங்கதிர்வு அதனுள் ஒளிந்திருப்பதும், மும்மடங்கதிர்வு இன்மையும், நான்மடங்கதிர்வு சிற்றளவில் உண்மையும் கணக்கிலேயே வெளிப்படுகின்றன. இதில் வியப்பூட்டுவது யாதெனில், பெருக்கியை ஆக்குமுன்னரே அதன் குற்றங்களைப் பட்டியலிட இயல்வதுதான்.

7.1 மெகா எர்ட்சில் பேசும் ஒருவரின் மடங்கதிர்வுகள் 14.2, 21.3, 28.4 ஆகிய இடங்களில் விழும். இம்மூன்றும் ஆர்வலர்க்கே ஒதுக்கப்பட்ட பட்டைகளுக்குள் அமைகின்றன. ஆகவே வடிப்பியின்றிப் பேசுவோர் முதலில் துன்புறுத்துவது தம் உடன்பிறப்பனைய பிற ஆர்வலரையே; 35.5-இலும் அதற்கு மேலும் விழுபவையோ பிறருக்கு உரிய வானில் புகுந்துவிடும்.

இருமடங்கதிர்வைப் பெருக்கியிலேயே தணிக்கும் வழி ஒன்று உண்டு. ஒத்த இரு திரிதடையங்களை எதிரெதிராக நிறுத்தி, ஒன்று ஓயும் பாதியில் மற்றொன்று இயங்குமாறு பிணைத்து, இரண்டின் விளைவையும் ஒரே மின்மாற்றியில் கூட்டினால், இரட்டை எண் மடங்கதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதனை எதிரிணைப் பெருக்கி என்போம். ஒரே வகையெண் பொறித்த இரு திரிதடையங்களும் முற்றிலும் ஒத்திரா ஆதலின் இவ்வழிப்பு ஒருபோதும் முழுமையடையாது; எனினும் வடிப்பியின் சுமையைப் பெரிதும் குறைக்கும். பெருக்கியை வகுக்கும்போதே வடிப்பியை நினைத்தல் என்று நான் சொல்வது இத்தகைய தேர்வுகளைத்தான்.

பெருக்கி தன் திறனை ஒப்படைக்கும் சுமையின் தடையும் கணக்கால் அமைவதே. ஊட்டும் மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, வேண்டும் திறனின் இருமடங்கால் வகுத்தால், திரிதடையம் எதிர்கொள்ள வேண்டிய சுமைத்தடை கிடைக்கும். 12 வோல்ட்டில் 5 வாட்டு வேண்டின் அது 14.4 ஓம். அலைக்கம்பிக்குச் செல்லும் ஓரச்சு வடமோ 50 ஓம் உடையது. தடையை நான்கில் ஒன்றாகக் காட்டும் மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்தால் 50 என்பது 12.5 ஆகி ஏறக்குறைய பொருந்திவிடும். அதே 12 வோல்ட்டில் 50 வாட்டு வேண்டுமென்றால் கணக்கு 1.44 ஓம் என விடை தரும். அந்நிலையில் பற்றவைப்பின் தடையும், அரை விரல் நீளக் கம்பியின் தூண்டலும்கூடத் திறனைத் தின்னத் தொடங்கும். அங்கே அறிவுடையோர் மின்னழுத்தத்தை உயர்த்துவர்; 48 வோல்ட்டில் அதே திறனுக்கு 23 ஓம் போதும், மின்மாற்றியும் எளிதாகும்.

இந்திய ஆர்வலருக்கு இக்கணக்குகளைக் கைப்பழக்கமாக்கியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த அசர் பர்கான். அவர் 2003-இல் வகுத்து, எவரும் தாராளமாகப் படியெடுக்குமாறு வெளியிட்ட பிட்எக்சு என்னும் பேசு-கேள் கருவி, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொருள்களையே கொண்டு அமைவது. அயல்நாட்டு வளையக் கருக்கள் கிட்டாதபோது, தண்ணீர்க் குழாய்க்குள் இடும் வாசர் என்னும் நைலான் வளையத்தின்மேல் கம்பி சுற்றலாம் என்று அவர் காட்டினார். இறுதிப் பெருக்கியாக ஐ.ஆர்.எஃப். 510 என்னும் புலவிளைவுத் திரிதடையத்தை வைத்தார். அது வானொலிக்கென ஆக்கப்பட்டதன்று; மின்வழங்கிகளில் இணைத்தறுக்கும் வேலைக்கென ஆக்கப்பட்டது. 100 வோல்ட்டையும் 5.6 ஆம்பியரையும் தாங்கும் அது, சென்னை ரிச்சித் தெருவில் மலிவாகக் கிடைக்கும் சரக்கு. அதன் வாயில் முனையில் 180 பிக்கோ பாரடு அளவு தேக்கம் இருப்பதால், அதிர்வெண் உயர உயர அதனை ஊட்டுதல் கடினமாகும். அதன் முதுகுத் தகடு வடிகால் முனையோடு இணைந்திருப்பதால், வெப்பத் தகட்டில் பொருத்துமுன் இடையில் மைக்கா ஏடு வைக்க வேண்டும். இவ்விரண்டையும் அறிந்தோர்க்கு அது நம்பகமான தோழன். ஒன்று நினைவில் நிற்கட்டும்: பெருக்கத்தின் ஒரு சிறு பகுதி வெளிவாயிலிலிருந்து உள்வாயிலுக்குத் திரும்பிக் கசிந்தால் பெருக்கி தானே கூவத் தொடங்கும். இதனை ஒட்டுண்ணி அலைவு என்போம். கம்பிகளைக் குறுக்கியும், மின்னூட்டத்துக்கு அருகிலேயே தேக்கிகளை நிறுத்தியும், எதிர்மறைப் பின்னூட்டம் சிறிது கொடுத்தும் அதனை அடக்கலாம்.

இனி வடிப்பி. இதற்குத்தான் நான் மிகுந்த இடம் ஒதுக்க விழைகிறேன். கம்பிச்சுருளாகிய மின்தூண்டி மெல்லதிர்வுக்கு வழிவிட்டு விரையதிர்வை மறிக்கும். மின்தேக்கி விரையதிர்வுக்கு வழிவிட்டு மெல்லதிர்வை மறிக்கும். தூண்டியை ஓட்டத்தின் வழியிலும், தேக்கியை வழியிலிருந்து தரைக்குமாக மாற்றி மாற்றி அடுக்கினால், அடியதிர்வு நேரே செல்ல, மடங்கதிர்வுகள் வழி மறிக்கப்பட்டுத் திரும்பும் ஏணி அமைகிறது. அமெரிக்காவில் கேம்பலும் செருமனியில் வாக்னரும் 1915-இல் ஒருவரையொருவர் அறியாமலே இதனைக் கண்டனர். எத்தனை படிகள், எவ்வெம் மதிப்புகள் என்பதற்கு ஒழுங்கான விடையை இங்கிலாந்தின் பட்டர்வொர்த் 1930-இல் அளித்தார்.

பட்டர்வொர்த்தின் ஐந்துறுப்பு ஏணிக்குரிய எண்கள் 0.618, 1.618, 2, 1.618, 0.618 என்பன. ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தின் மூலைவிட்டத்தை அதன் பக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் பொன்தகவு 1.618, அதன் தலைகீழ் 0.618. வானொலி அலையை வடிக்கும் ஏணியில் ஐங்கோணத்தின் எண் வந்து அமர்வது தற்செயலன்று. வட்டத்தை ஒத்த கூறுகளாகப் பகுத்து அமைக்கும் வடிப்பியில் உறுப்புகள் ஐந்தானால் ஐங்கோணத்தின் கோணங்கள் வந்தே தீரும். இவ்வெண்களை 50 ஓம் தடைக்கும், வடிப்பு தொடங்கும் எல்லையாகிய வெட்டதிர்வெண் 8 மெகா எர்ட்சுக்கும் பெயர்த்தால், ஓரத் தேக்கிகள் 246 பிக்கோ பாரடு, நடுத் தேக்கி 796 பிக்கோ பாரடு, தூண்டிகள் ஒவ்வொன்றும் 1.61 மைக்ரோ என்றி எனக் கிடைக்கும். கடையில் 246 கிடைக்காது. 220-ஐயும் 27-ஐயும் இணையாகப் பூட்டினால் 247 ஆகும். 680-ஐயும் 120-ஐயும் பூட்டினால் 800. கணக்குக்கும் கடைக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளி மிகச் சிறிது.

இவ்வடிப்பி என் செய்யும்? 14.2 மெகா எர்ட்சில் 25 டெசிபெல்லும், 21.3-இல் 42 டெசிபெல்லுக்குச் சற்று மேலும் தணிக்கும். அரையோட்டப் பெருக்கி ஒன்று தனித்து நின்றால் அதன் இருமடங்கதிர்வு அடியதிர்வைவிட 7.4 டெசிபெல் தாழ்ந்தே பிறக்கிறது. இரண்டையும் கூட்டினால் 32.4. வேண்டுவது 43. போதவில்லை. அதுமட்டுமா? 7.1 மெகா எர்ட்சிலேயே 1.15 டெசிபெல், அதாவது நம் திறனில் 23 விழுக்காடு, அலைக்கம்பியைச் சேராமல் திரும்புகிறது. வெட்டதிர்வெண்ணை 9-க்கு உயர்த்தினால் இவ்விழப்பு 9 விழுக்காடாகக் குறையும், ஆனால் 14.2-இல் தணிவும் 20 டெசிபெல்லாகச் சுருங்கும். உறுப்புகளை ஏழாக்கி 8-இலேயே நிறுத்தினால் தணிவு 35 ஆகி, மொத்தம் 42.3 எனும் அளவில், வரம்புக்கு மயிரிழை கீழே நின்றுவிடும்.

இங்கேதான் 19-ஆம் நூற்றாண்டு உருசியக் கணக்கறிஞர் செபிசேவின் பெயரால் வழங்கும் முறை கைகொடுக்கிறது. கடப்புப் பட்டைக்குள் தணிவு சிறிது ஏறியிறங்க இசைந்தால், அதற்கப்பால் சரிவு மிகச் செங்குத்தாகும் என்பது இம்முறையின் உட்கிடை. ஏற்றத்தாழ்வைப் பத்தில் ஒரு டெசிபெல்லுக்குள் அடக்கிய ஏழுறுப்பு வடிப்பி, 8 மெகா எர்ட்சு எல்லைக்குள் 2.3 விழுக்காட்டுக்கு மேல் திறனை இழக்காது, 14.2-இலோ 49 டெசிபெல், அதாவது எண்பதாயிரம் மடங்கு தணிக்கும். ஒரே எண்ணிக்கையிலான தூண்டிகளும் தேக்கிகளும், மதிப்புகள் மட்டும் மாறியதால், 35-ஐ 49 ஆக்கிவிடுகின்றன. செலவு ஏதும் கூடவில்லை. கூடியது கணக்கறிவு ஒன்றே. என் கருத்தில், கைத்தொழிலுக்குக் கல்வி தரும் ஊதியம் எவ்வளவு என்று இளையோர் கேட்டால் காட்டத்தக்க சான்று இதைவிடத் தெளிவாக வேறில்லை.

இக்கணக்கை ஆர்வலர்க்கு எளிதாக்க அமெரிக்கரான எட் வெதர்கோல்டு, கடையில் விற்கும் தேக்கி மதிப்புகளுக்கே பொருந்துமாறு வடிப்பிகளைக் கணக்கிட்டுத் தந்தார். 7 மெகா எர்ட்சுப் பட்டைக்கு அவர் முறைப்படி உலகெங்கும் சுற்றப்படும் வடிப்பியில் தேக்கிகள் 270, 680, 680, 270 பிக்கோ பாரடு, தூண்டிகள் 1.38, 1.70, 1.38 மைக்ரோ என்றி. மஞ்சள் பூசிய இரும்புத்தூள் வளையத்தில் முறையே 21, 24, 21 சுற்றுகள் சுற்றினால் இவை அமையும்.

அவ்வளையம் 9.5 மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிது. அரக்குப் பூசிய செப்புக் கம்பியை ஒருமுறை துளைக்குள் செலுத்திய அளவிலேயே ஒரு சுற்று முடிந்தது. வெளிப்புறம் சுற்றிவந்ததை எண்ணுவோர் எப்போதும் ஒன்று தவறுவர். கம்பி முறுக்கேறாதபடி விரல்நுனியால் நீவி, ஒவ்வொரு சுற்றையும் வளையத்தின்மேல் படிய இழுத்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே வட்டத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கை வெற்றிடமாக விட வேண்டும். சுற்றுகளை நெருக்கினால் தூண்டல் சிறிது ஏறும், பரப்பினால் இறங்கும், கடைசித் திருத்தத்தை நகத்தால் செய்துகொள்ளலாம். முனையிலுள்ள அரக்கைக் கத்தியின் மழுங்கிய விளிம்பால் சுரண்டிச் செம்பின் செந்நிறம் சுற்றிலும் தெரிந்த பின்னரே ஈயம் பூச வேண்டும். இப்பருமனுள்ள வளையம் 5 முதல் 10 வாட்டுக்கு ஏற்றது. 50 வாட்டுக்குப் பெரிய வளையமும், 500 வோல்ட்டுத் தாங்கும் மைக்காத் தேக்கிகளும் வேண்டும். 50 ஓம் சுமையில் 50 வாட்டின் உச்ச அழுத்தம் 70.7 வோல்ட்டே ஆயினும், அலைக்கம்பி ஒரு நாள் அறுந்து தொங்கினால் அது எங்கேயோ ஏறிவிடும்.

கணக்கு சரியாக அமைந்த வடிப்பியும் இருப்பிடப் பிழையால் தோற்கும். பர்கான் 2017-இல் வெளியிட்ட மைக்ரோ பிட்எக்சு கருவியின் முதற்பதிப்புகள் இதற்குச் சான்று. பட்டைக்கு ஒன்றாக வடிப்பிகளை மாற்றிக் கொடுக்கும் ரிலே எனப்படும் இணைப்பிகளும் அவற்றின் தடங்களும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்ததால், மடங்கதிர்வுகள் வடிப்பியின் வழியே செல்லாமல் அதனைச் சுற்றிக் கசிந்து வெளியேறின. உலகெங்குமுள்ள ஆர்வலர் அளந்து கண்டு சொல்ல, பிந்திய பதிப்பில் தடங்கள் மாற்றியமைக்கப்பட்டன. வடிப்பியின் நுழைவாயிலும் வெளிவாயிலும் எதிரெதிர் முனைகளில் நிற்க வேண்டும். அவற்றுக்கிடையே வேறு எவ்வழியும் இருத்தல் கூடாது.

அளந்தாலன்றி எதையும் நம்பலாகாது. ஆயிரம் ஓம் தடையும் 2 வாட்டுத் தாங்குதிறனும் உடைய தடையங்கள் இருபதை இணையாகப் பூட்டினால் 50 ஓம் ஆகி 40 வாட்டைத் தாங்கும் போலிச் சுமை கிடைக்கும். அலையை வானில் விடாமலே பெருக்கியை ஆய்வதற்கு அது போதும். ஓர் இருமுனையமும் ஒரு தேக்கியும் கொண்டு உச்ச அழுத்தத்தைப் பிடித்து, 22.4 வோல்ட்டு காட்டினால் 5 வாட்டு என அறியலாம். ஆனால் அழுத்தமானியின் முள் அடியதிர்வையும் மடங்கதிர்வையும் கூட்டியே காட்டுகிறது. வடிப்பியில்லாத பெருக்கி மிகுதியான வாட்டுகளைக் காட்டி ஆர்வலரை மகிழ்விப்பது இதனாலேயே. நானோ வி.என்.ஏ. என்னும் கையடக்கக் கருவி, வடிப்பி ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு தணிக்கிறது என்பதைக் கோடாக வரைந்துகாட்டும். முதலில் வடிப்பியைச் சுற்றி, அக்கோட்டைக் கண்டு தேறிய பின்னர்ப் பெருக்கியைத் தொடுவதே முறை என்பேன்.

சென்னைக்கும் திருவள்ளூருக்கும் இடைப்பட்ட புறநகர்த் தொடர்வண்டித் தடத்தில், திருநின்றவூரை அடுத்த வேப்பம்பட்டு இவ்வாய்வுக்கு ஏற்ற ஊர். இடர்களும் உள்ள ஊர். அறுபதடி நீளமும் நாற்பதடி அகலமும் கொண்ட ஒரு கிரவுண்டு மனையில், 7.1 மெகா எர்ட்சுக்குரிய 66 அடி அரையலைக் கம்பியை நீளவாக்கில் கட்ட இடமில்லை. மூலைவிட்டமோ 72 அடி; ஒரு மூலையில் தென்னையும் எதிர் மூலையில் மாடிக் கம்பமும் அமைந்தால் கம்பி முழுமையாக அடங்கிவிடும். பகற்பொழுதில் இக்கம்பியிலிருந்து மேலெழும் அலை அயனி அடுக்கில் பட்டுத் தமிழ்நாடெங்கும் இறங்கும். ஆயின் 25,000 வோல்ட்டுக் கம்பியின் கீழ் மின்தொடர்வண்டி கடக்கும்போதெல்லாம் ஏற்பியில் இரைச்சல் எழும். இதற்கும் வடிப்பி ஒன்று சுற்றலாகாதா என்று புதியோர் கேட்பர். வடிப்பி அதிர்வெண்ணால் மட்டுமே பிரித்தறியும். நாம் கேட்கும் அதே அதிர்வெண்ணில் விழும் இரைச்சலை அது அறியாது. அங்கே கம்பியின் திசையும் பொறுமையுமே துணை.

இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பை உருக்கும் தூண்டல் உலைகள் உள்ளன. உலையைச் சூழ்ந்த செப்புக் குழாய்ச் சுருளும் அதனோடு பூட்டிய தேக்கி வரிசையும், ஏற்ற அதிர்வெண்ணில் இசைந்து, உள்ளிருக்கும் இரும்பிலேயே ஓட்டத்தைத் தூண்டி அதனைக் குழம்பாக்குகின்றன. அங்கே அதிர்வெண் சில நூறு முதல் சில ஆயிரம் எர்ட்சு. இங்கே எழுபது இலக்கத்துக்கு மேல். அங்கே சுருளின் ஊடே ஆளே நுழையலாம். இங்கே ஊசி நுழையும். தூண்டலையும் தேக்கத்தையும் பெருக்கி இருபடி வேர் கண்டு, அதனை 2π-ஆல் பெருக்கினால் அதிர்வின் கால அளவு கிடைக்கும் என்னும் நெறியில் மட்டும் இரண்டிற்கும் வேற்றுமை இல்லை.

பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் சிறீஅரிக்கோட்டையிலிருந்து 2005 மே 5 அன்று எழுந்த பி.எஸ்.எல்.வி.-சி6 ஏவூர்தி, ஹாம்சாட் என்னும் 42.5 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளை ஆர்வலர்க்கெனவே சுமந்து சென்றது. அதனுள் இருந்த இரு மறுபரப்பிகளுள் ஒன்றை ஆக்கியவர் வில்லியம் லீஜனார் என்னும் நெதர்லாந்து மாணவ ஆர்வலர். புவியிலிருந்து 435.25 மெகா எர்ட்சை ஒட்டி வரும் குரல்களை ஏற்று, 145.9-ஐ ஒட்டி ஒரே ஒரு வாட்டுத் திறனில் திரும்ப விடுப்பது அதன் பணி. 145.9-ஐ மூன்றால் பெருக்குக: 437.7. அலைபரப்பியின் மும்மடங்கதிர்வு, அதன் பக்கத்திலேயே இருந்து கேட்கும் ஏற்பியின் இடத்திலிருந்து இரண்டரை மெகா எர்ட்சுத் தொலைவிலேயே விழுகிறது. 600 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய குரலை ஏற்பி கேட்க வேண்டுமாயின், ஒரே பெட்டிக்குள் எழும் இம்மடங்கதிர்வு பெருக்கியின் வாயிலிலேயே வடிக்கப்பட வேண்டும். அச்செயற்கைக்கோளின் மின்கலம் 2014 சூலையில் செயலிழக்கும் வரை, ஒன்பது ஆண்டுகள், உலகின் பல நாட்டு ஆர்வலர் அந்த ஒற்றை வாட்டின் வழியே ஒருவரோடொருவர் பேசினர்.